பணத்தை எந்தச் சில்லில் போடுவது?

பெங்களூருவில் கணினி உதிரிபாகம் என்றால் எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா சாலை என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே, இரண்டாம் மாடியில் என்று கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் கடைகளும் உண்டு. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளர்ந்த பிள்ளைகள், ஓசூரிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவர்கள் எனப் பலரும் கேமிங் கணினி வாங்க இங்கே வருகிறார்கள். நாலு கடை ஏறி இறங்கிய பிறகு அவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும்: "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 1 டிபி, 2 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் கேபினெட்."

அந்தச் சீட்டில் உள்ள ஜிபி, டிபி எண்கள் எல்லாம் எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் சொல்கின்றன. எவ்வளவு நேரத்தில் முடிக்கும் என்பதை ஒன்றுகூடச் சொல்வதில்லை. கேம் ஓடும் கணினியில் எல்லாமே நேரக் கணக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் கையில் உள்ள பணத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதும் பிடிபடும்.

திரையில் ஓடுவது வேகமாக மாறும் நிலைப்படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. முதலில் பிராசஸர் வேலையைத் தொடங்குகிறது. நீங்கள் அழுத்திய பொத்தான் எது, எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு பட்டதா, இடிந்த சுவர் எந்தப் பக்கம் விழும் என்று கணக்கிட்டு, எந்தப் பொருளை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைப் பட்டியலைத் தயாரிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கிப் பொருள்களை முக்கோணங்களாக விரித்து, ஒவ்வொரு முக்கோணமும் திரையின் எந்தப் புள்ளிகளில் விழுகிறது என்று பார்த்து, புள்ளிக்குப் புள்ளி நிறம் தீர்மானிக்கிறது. மார்கழிக் கோலத்தில் புள்ளி வைப்பவர் ஒருவர், வண்ணம் நிரப்ப உட்காருபவர்கள் பத்துப் பேர் என்பது போன்ற வேலைப் பங்கீடு இது. பிராசஸரில் ஆறோ எட்டோ வலிமையான கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள், இருக்கும். ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தர கிராபிக்ஸ் கார்டிலேயே 1,792 எளிய கணக்கீட்டு அலகுகள் இருக்கின்றன.

இருவரும் ஒருவருக்காக ஒருவர் சும்மா நிற்பதில்லை. கார்டு ஒரு ஃபிரேமை வரையும்போதே பிராசஸர் அடுத்ததைத் தயார் செய்கிறது. ஆகவே இருவரில் மெதுவானவர் யாரோ அவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார். ஒரு கேமில் பிராசஸருக்கு 8 மில்லிநொடி, கார்டுக்கு 20 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 ஃபிரேம் வரும். பிராசஸரை இரு மடங்கு வேகமானதாக மாற்றி அதன் நேரத்தை 4 மில்லிநொடியாக்கினாலும் அதே 50 தான். கார்டை மாற்றி 20-ஐ 12 ஆக்கினால் 83 வரும். ஐ7 என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பல சமயம் முதல் வகைச் செலவாகப் போய்விடுகிறது.

அந்த ஐ7 எந்த ஆண்டு பிறந்தது என்பதும் முக்கியம். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய கணினிகளிலிருந்து கழற்றிய ஐ7-3770 சில்லுகள் இன்னும் விற்பனையில் சுற்றுகின்றன. அது 2012-ல் வந்தது. 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), உச்ச வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 390 கோடி துடிப்புகள். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர், 8 திரெட் தான். உச்ச வேகம் 4.3. துடிப்பின் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் புதிய சில்லு முடிக்கும் வேலை வெகுவாகக் கூடியிருக்கிறது. பத்து ஆண்டு இடைவெளியில் வந்த 'ஐ3' அந்த 'ஐ7'-ஐ எளிதாக முந்திவிடும்.

அதனால் நான் மானிட்டரிலிருந்தே தொடங்கச் சொல்வேன். 1920க்கு 1080 திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. திரை பெரிதானால் கார்டின் வேலை ஏறிக்கொண்டே போகும். பிராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே நிற்கும். கையில் குறைவான பணம் இருப்பவர் 1080 திரையோடு நின்றுகொள்வது நல்ல முடிவு, அதில் குறை ஒன்றும் இல்லை. வேலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றை நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆட விரும்புபவருக்குக் கணக்கு வேறு. அங்கே ஒரு ஃபிரேமுக்கு அவகாசம் 6.9 மில்லிநொடிதான். வரைவதற்கு எளிதான கேம்கள் என்பதால் கார்டு சீக்கிரம் முடித்துவிடும், மூச்சு வாங்குவது பிராசஸராக இருக்கும்.

இப்போது சீட்டில் இருந்த '2 ஜிபி கிராபிக்ஸ்'. ஜிடி 1030 என்ற கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. நொடிக்கு 48 ஜிபி தரவு அதில் பாயும். 2018-ல் அதே பெயரில், அதே 2 ஜிபியோடு, டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொன்று வந்தது. அதில் பாய்வது 16.8 ஜிபி மட்டுமே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டிலும் ஒன்றுதான்; வித்தியாசம் விவரக்குறிப்பின் சிறு எழுத்துகளில் இருக்கிறது. கார்டின் கணக்கீட்டு அலகுகள் எவ்வளவு விரைவாக இருந்தாலும், சுவரின் செங்கல் படத்தையும் புல்லின் பச்சையையும் நினைவகத்திலிருந்து எடுத்துவந்தால்தான் நிறம் தீட்ட முடியும். எடுத்துவரும் பாதை குறுகினால் அலகுகள் கைகட்டிக் காத்திருக்கும். ஆர்எக்ஸ் 6600-ல் இந்தப் பாய்வு நொடிக்கு 224 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060-ன் 12 ஜிபி வகையில் 360 ஜிபி. கடையில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஜிபி என்பதோடு நின்றுவிடாமல், என்ன வகை நினைவகம், அதன் பாதை எத்தனை பிட் அகலம் என்பதும்தான்.

கொள்ளளவும் வேண்டும், மறுக்கவில்லை. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சத் தரவு கணினியின் பொது நினைவகமான ராமில் போய் உட்காரும். அங்கிருந்து, கார்டை மதர்போர்டோடு (எல்லாப் பாகங்களையும் செருகும் பலகை) இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத்தான் வர வேண்டும். மூன்றாம் தலைமுறையின் 16 பாதைகளும் சேர்ந்தே நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான் கடத்தும். 224 எங்கே, 16 எங்கே! கேம் திடீரென்று திக்கித் திக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல பாடம். 4 ஜிபி நினைவகம், வெளியே பேச நான்கே நான்கு பாதைகள். நான்காம் தலைமுறைப் பாதை கொண்ட புதிய மதர்போர்டில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி கிடைக்கும். குறைந்த செலவில் முடிக்க நினைப்பவர் அதைப் பழைய, மூன்றாம் தலைமுறை போர்டில் செருகினால் அந்தப் பாய்வு நொடிக்கு 4 ஜிபிக்கு இறங்கிவிடும். யாருக்காக மலிவு விலையில் வந்ததோ அவரிடமே அது தடுமாறுகிறது. இன்றைய பெரிய கேம்களை 1080 திரையில் ஆட 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மானிட்டரை விட்டுவிட்டுப் பார்த்தால், மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பாகத்துக்கே ஒதுக்கலாம்.

ராமில் செலவில்லாத ஒரு தந்திரம் இருக்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்கிச் சரியான இடங்களில் செருகினால் இரு தடங்களும் திறந்து 51.2 ஆகிவிடும். கார்டே வாங்க முடியாமல், ரைசன் 5 5600ஜி போன்ற உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட பிராசஸரோடு தொடங்குபவருக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அங்கே ராம்தான் கிராபிக்ஸ் நினைவகமும். பொருத்திய பிறகு பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை), ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கவும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் டிடிஆர்5-6000 என்று காசு கொடுத்து வாங்கியது 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை கடுமையாக ஏறியதிலிருந்து, வாங்கிய ராமை முழு வேகத்தில் ஓடவிடாமல் இருப்பது இன்னும் பெரிய நஷ்டம்.

கேம்களைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கேம் திறக்கும் நேரத்தை அது குறைக்கும். ஃபிரேம் எண்ணிக்கையை ஏற்றாது. அதிவேக எஸ்எஸ்டிக்கான கூடுதல் பணத்தைக் கார்டுக்குத் திருப்புங்கள். மதர்போர்டில் வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணமும் அப்படித்தான். இன்டெல் பிராசஸரின் பெயர் முடிவில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரை எழும்பாது.

செலவைக் குறைக்க எல்லோரும் கை வைப்பது, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில். ஃபிரேமை அது வரைவதில்லை, ஆகவே அங்கே ஆயிரம் ரூபாய் குறைத்தால் என்ன என்று தோன்றும். எஸ்.பி. ரோட்டில் ஒரு கல்லூரிப் பையன் செய்ததைப் பார்த்தேன். "450 வாட், நல்ல சரக்கு, தம்பி" என்றார் கடைக்காரர். "அண்ணா, பெட்டியைத் திறந்து பக்கவாட்டு லேபிளைக் காட்டுங்கள்" என்றான் அவன். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ரைசன் 5 5600-க்கு முழுச் சுமையில் 76 வாட், விசிறிகளும் மற்றவையும் சேர்ந்தால் அந்த 216-ஐத் தாண்டிவிடும். தவிர, கார்டு மில்லிநொடிக் கணக்கில் இழுக்கும் உச்ச மின்சாரம் சராசரியைவிடக் கணிசமாக அதிகம். மலிவான பெட்டி அந்தக் கணத்தில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் விழும். கணினி அணைந்து எழும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பெட்டியானால் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். 80 பிளஸ் முத்திரை வீணாகும் மின்சாரம் குறைவு என்று சொல்கிறதே தவிர, இந்தப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருவதில்லை. மேற்சொன்ன கணினிக்கு நம்பகமான 500 அல்லது 550 வாட் பெட்டி போதும்.

கோடை மழை வந்தால் மின்சாரம் போய்வரும் ஊர் இது என்பதால் யுபிஎஸ்ஸும் பட்டியலில் இருக்கும். அங்கேயும் லேபிளைப் படியுங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். முழுச் சுமையில் ஓடும் கணினியும் மானிட்டரும் சேர்ந்து அந்த விளிம்பை நெருங்கிவிடும்.

குளிர்விப்பதில் பெங்களூருக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். விசிறி அதே வேகத்தில், சில்லு அதே வாட்டில் ஓடினால், அறை 10 டிகிரி குளிர்ந்தால் சில்லும் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளும் காற்று சற்றே மெலிந்ததுதான். இருந்தாலும் சென்னையின் மே மாதத்தோடு ஒப்பிட்டால் லாபம் இங்கேதான். பிராசஸரோடு வரும் குளிர்விப்பானே பலருக்குப் போதும், தண்ணீர்க் குளிர்விப்பான் வேண்டாம். கேபினெட்டின் முன்புறம் கண்ணாடியால் அடைத்திருக்காமல் வலையாக இருக்கட்டும்.

பழைய கார்டு வாங்கலாமா? 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மறைநாணயம், கிராபிக்ஸ் கார்டுகளால் கணக்கிட்டு நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டபோது ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. சில்லைவிட விசிறியும் வெப்பப் பசையும்தான் அவற்றில் முதலில் தேயும். கண்ணெதிரே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லி, விசிறிச் சத்தத்தையும் வெப்பநிலையையும் பார்த்து வாங்குவதில் தவறில்லை. புதிய பாகமானால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் கேளுங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கு இணங்கினால் வாரண்டி கேட்கும் நாளில் கையில் ஆதாரம் இருக்காது.

சில மாதம் ஆடிய பிறகு அடுத்து எதை மாற்றுவது என்று கேள்வி வரும். அதற்குக் காசு செலவில்லாத சோதனை உண்டு. கேமின் அமைப்பில் திரைப் புள்ளிகளை 1920க்கு 1080-லிருந்து 1280க்கு 720 ஆகக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 44 சதவீதமாகச் சுருங்கும். ஃபிரேம் எண்ணிக்கை தாவி ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்ற முறைகள் அங்கே பலன் தரும், கார்டு மாற்றுவதும் பலன் தரும். எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் தடை பிராசஸரிலோ ராமிலோ இருக்கிறது. அப்போது ராம் ஒற்றைத் தடத்தில் ஓடுகிறதா, எக்ஸ்எம்பி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பலாம்.