"பெயரை எடுத்துவிட்டோம்" என்று இனி சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு மென்பொருள் வடிவமைப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் வேலையே அதுதான். ஒரு மென்பொருள் மக்கள் கைக்குப் போவதற்கு முன்பு, அவர்களுடைய தகவல் அதில் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இது உடல்நலம் சம்பந்தப்பட்ட ஒரு செயலி. பயனர் தரவை ஆய்வுக்காக வெளியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள். "பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், அதனால் பிரச்சினை இல்லை" என்றார் குழுத் தலைவர்.

இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அட்டவணையைத் திறங்கள் என்றேன். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. அந்தக் குழுவிலேயே செயலியைப் பயன்படுத்துகிற ஒருவர், "என்னைத் தேடிப் பாருங்களேன்" என்று தானாக முன்வந்தார். மூன்றையும் சொன்னார், தட்டினார்கள். ஒரே ஒரு வரி வந்தது. அதன் கடைசியில் அவர் எத்தனை முறை மனநல ஆலோசனைக்குப் பதிவு செய்திருந்தார் என்ற எண் இருந்தது. அறையில் ஆறு பேர் இருந்தோம். பக்கத்தில் இருந்தவர் சட்டென்று மடிக்கணினியை மூடினார். பொதுத்திரையில் அதைத் தேட விட்டது என் தவறு, அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த வரி அடுத்த வாரம் வெளியே போயிருந்தால் மன்னிப்புக் கேட்க யார் இருந்திருப்பார்கள்?

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது அங்கே எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லத்தான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் பெயரோடு பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த நகரத்தில் வசித்த அன்றைய மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் இருந்தாலே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000-இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, இன்னும் அதே மூன்று ஃபீல்டுகளை, அதாவது தகவல் கட்டங்களைத்தான் எனக்கு எடுத்து வருகிறார்கள்.

இதைச் சொன்னதும் அடுத்த பதில் தயாராக இருக்கும்: "அப்படியானால் கைபேசி எண்ணை ஹாஷ் செய்துவிடுகிறோம்." ஹாஷ் என்றால் ஒரு எண்ணை நிலையான ஒரு கணக்கு முறையில் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றுவது; அதே எண்ணுக்கு எப்போதும் அதே கோவைதான் வரும். தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல அனுபவசாலிகள்கூட இதில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

ஹாஷைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லையே. கைபேசி எண் பத்து இலக்கம் என்றால் மொத்த வாய்ப்புகள் 1,000 கோடிதான். எழுத்தில் பார்க்கப் பெரிய எண். ஆனால் கணினி விளையாட்டுக்கு விற்கிற நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று ஷா-256 என்ற வகை ஹாஷை நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை போடும். எல்லா எண்களுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பூட்டை உடைக்கத் தேவையில்லை, எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்துவிடலாம். நியூயார்க் டாக்சித் தரவு 2014-இல் இப்படித்தான் அவிழ்ந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 என்ற இன்னொரு வகை ஹாஷாக மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். வண்டி எண்கள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில்தான் வரும் என்பதால் சாத்தியங்கள் மிகக் குறைவு. ஒரு மென்பொருள் பொறியாளர் சீக்கிரத்திலேயே மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார்.

"சால்ட் சேர்த்திருக்கிறோமே" என்பார்கள். ஹாஷ் போடும் முன் எண்ணோடு ஒட்டும் கூடுதல் எழுத்துகள்தான் சால்ட். எல்லா எண்ணுக்கும் ஒரே சால்ட், அதுவும் அதே டேட்டாபேஸில் பக்கத்து அட்டவணையில் என்றால் அதனால் என்ன பயன்? ரகசியச் சாவியோடு ஹாஷ் போட்டு, அந்தச் சாவியை வேறு இடத்தில், வேறு ஆள் பொறுப்பில் வையுங்கள். அதுகூடப் புனைபெயர் வைப்பதுதான், அடையாளத்தை அழிப்பது ஆகாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கூடுதல் தகவலோடு சேர்த்தால் ஆளைக் காட்டும் தரவு இன்னும் தனிநபர் தரவுதான். வடிவமைப்பிலேயே பாதுகாப்பைக் கட்ட வேண்டும் என்பதை அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு கட்டாயமாக்கி, 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தனியுரிமை ஆணையராக இருந்த ஆன் கவூக்கியன் இதையேதான் 1990-களிலிருந்து சொல்லிவந்தார்.

சரி, என்ன செய்வது? குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது), அணுகல் கட்டுப்பாடு எல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்வீர்கள், அதில் நேரம் போக்கவில்லை. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஃபீல்டு எதற்கு? "பின்னால் தேவைப்படலாம்" என்பது பதில் இல்லை. வயது 18-ஐத் தாண்டியதா என்று மட்டும் தெரிய வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறந்த தேதியை வாங்காதீர்கள். வயதுவாரியாகப் புள்ளிவிவரம் வேண்டுமா, பத்தாண்டுக் கட்டமாக வையுங்கள். வானிலை காட்ட ஊர் தெரிந்தால் போதும், வீட்டு வாசல் வரை துல்லியமான இருப்பிடம் எதற்கு? வாங்காத தகவலை யாராலும் திருட முடியாது.

அப்புறம் லாக், அதாவது மென்பொருள் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேடு. டேட்டாபேஸை இரும்புப் பெட்டிபோல் காத்துவிட்டு, லாக்கில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருப்பார்கள். கடவுச்சொல்லை மாற்றக் கோரும் இணைப்பு, மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து, யாரும் படிக்கக்கூடிய எழுத்தில் முழுசாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிழை வந்தால் பயனர் அனுப்பிய மொத்தக் கோரிக்கையையும் எழுதிவை என்று யாரோ ஒரு அவசர இரவில் போட்ட ஒற்றை வரி அது. எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த லாக்கைப் படிக்கும் அனுமதி நாற்பது பேருக்கு இருந்தது.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சர்வருக்கு உண்மையான தரவை நகல் எடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் எழுத எனக்குத் தெம்பில்லை. எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கணக்கை நீக்கு என்று ஒருவர் பொத்தானை அழுத்தினால் உண்மையில் எங்கெங்கே நீங்குகிறது என்று முதல் நாளே வரைந்து வையுங்கள். பெரும்பாலான இடங்களில் 'நீக்கப்பட்டது' என்று ஒரு குறி மட்டும் மாறும், தரவு அப்படியே இருக்கும். பேக்கப்பில் ஒரு நகல், தேடல் குறியீட்டில் ஒன்று, ஆய்வுக் குழு யாரோ பதிவிறக்கிய எக்செல் கோப்பில் ஒன்று. ஒவ்வொரு பயனருக்கும் தனிச் சாவியால் குறியாக்கம் செய்திருந்தால், அந்தச் சாவியை அழித்தாலே பேக்கப்பில் இருப்பதும் படிக்க முடியாமல் போய்விடும். இதைத் தொடக்கத்தில் செய்தால் சில வார வேலை. ஐந்து வருடம் ஓடிய பிறகு செய்ய நினைத்தால் நிறையப் பேர் கையைத் தூக்கிவிடுகிறார்கள்.

போன வாரத்துக் குழு பிறந்த தேதியை வயதுக் கட்டமாக மாற்றி, அஞ்சல் குறியீட்டை மாவட்டத்தோடு நிறுத்தி, ஆலோசனை எண்ணிக்கையை எடுத்தே விட்டது. ஆய்வாளர்களிடம் கேட்டபோது அந்த எண்ணிக்கை அவர்களுக்குத் தேவையே இருக்கவில்லை. வயதுக் கட்டம், பாலினம், மாவட்டம் சேர்ந்த எந்த ஒரு சேர்க்கைக்கும் குறைந்தது இருபது பேராவது பொருந்துகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

உங்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். நாளை காலை உங்கள் சொந்தக் கைபேசி எண்ணை உங்கள் லாக்கில் தேடிப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து தேடுங்கள்.