உங்கள் தளத்தின் வாசலில் யாரை நிறுத்தப் போகிறீர்கள்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விற்பனைத் தளத்துக்குச் சிடிஎன், அதாவது தளத்தின் பக்கங்களைப் பல ஊர் சர்வர்களில் பிரதியெடுத்து வைத்து வாசகருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சேவை, போட்டுக் கொடுத்தேன். போட்ட மறுநாள் காலையில் தள உரிமையாளருக்கு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து அஞ்சல் வந்தது. தன் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ ஒருவருடைய பெயரும் முகவரியும் தெரிகிறது என்று எழுதியிருந்தார். படித்தவுடனே காரணம் புரிந்துவிட்டது. பொருள் பட்டியல் பக்கங்களை எட்ஜ் சர்வர்களில் (வாசகருக்கு அருகில் இருக்கும் சிடிஎன் சர்வர்களில்) சேமித்து வைக்கச் சொல்லி நான் எழுதிய விதி, கணக்குப் பக்கங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. முதலில் நுழைந்தவருடைய பக்கம் கேஷில், அதாவது அந்தச் சேமிப்பில், உட்கார்ந்துகொள்ள, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அதுவே போயிருக்கிறது.

விதியை அப்போதே நிறுத்தினேன். ஆனால் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பிரதிகளை அழிக்க வேண்டுமே? நாங்கள் வாங்கியிருந்த திட்டத்தில் ஒவ்வொரு பக்க முகவரியாகத்தான் பர்ஜ் செய்ய, அதாவது சேமித்த பிரதியை அழிக்க, முடியும். செய்த பர்ஜ் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் வழி இல்லை. விதியை எழுதியது நான், அந்தத் தவறு என்னுடையதுதான். ஆனாலும் அதைத் திரும்ப எடுக்க அவ்வளவு நேரம் ஆனதற்குக் காரணம் நாங்கள் தேர்ந்தெடுத்த சேவை. அதுவரை ஒரு சிடிஎன் நிறுவனத்திடம் என் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை இடங்களில் சர்வர் இருக்கிறது?" என்பது. அன்றிலிருந்து, "தப்பாக வெளியே போனதை எத்தனை நொடியில் திரும்ப எடுக்க முடியும்?" என்றுதான் தொடங்குகிறேன்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடைக்கு வந்த தாக்குதலைச் சமாளிக்க அவசரமாகக் கேஷ் அமைப்பை மாற்றினார்கள். அந்த மாற்றம் தவறாக அமைந்து, உள்நுழைந்தவர்களின் பக்கங்கள் மற்றவர்களுக்குப் போய்விட்டன. சுமார் 34,000 பேருடைய விவரங்கள் அப்படி வெளியே தெரிந்திருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே பின்னர் அறிவித்தது.

சரி, சிடிஎன் எதற்கு என்பதை ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். உங்கள் சர்வர் வாசகரிடமிருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒருமுறை போய்வரவே 100 மில்லிநொடி. இணைப்பைத் தொடங்க ஒரு போய்வரல், மறையாக்கத்தைத் தொடங்கும் டிஎல்எஸ் 1.3 கைகுலுக்கலுக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. ஆக, முதல் எழுத்து வந்து சேர்வதற்குள் 300 மில்லிநொடி போய்விடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த சர்வரை வாங்கினாலும் இது குறையாது. பக்கத்தின் பிரதியை வாசகருக்கு அருகில் கொண்டுபோய் வைத்தால்தான் குறையும். எம்ஐடியில் இந்தச் சிக்கலை ஆராய்ந்தவர்களிடமிருந்துதான் 1998-ல் அகமாய் நிறுவனம் பிறந்தது. இன்றைக்கு இருக்கும் எல்லாச் சிடிஎன் சேவைகளுக்கும் அடிப்படை அதே எண்ணம்தான்.

இப்போது நிறுவனங்கள் காட்டும் உலகப் படத்துக்கு வருவோம். சர்வர் இருக்கும் இடங்களாக நூற்றுக்கணக்கான புள்ளிகள் மின்னும். அவற்றில் உங்களுக்கு வேண்டியது உங்கள் வாசகர்கள் இருக்கும் இடங்களில் உள்ள நாலைந்து புள்ளிகள் மட்டும்தான். அதிலும், புள்ளி பக்கத்தில் இருந்தாலே போதாது. வாசகருடைய இணையச் சேவை நிறுவனத்தோடு அது நேரடியாக இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தெருவில் இருக்கும் சர்வரை விட்டுவிட்டு வேறு நாட்டு சர்வருக்குப் போய்வருவது சாதாரணமாக நடக்கும். படத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். டேட்டா சென்டர்களிலிருந்து சோதனை நடத்தும் கருவிகள் எல்லாச் சேவையையும் நல்லதாகவே காட்டும், ஏனென்றால் அங்கே கைபேசி சிக்னல் பிரச்சினை கிடையாது. உங்கள் உண்மையான வாசகர்களில் ஒரு பகுதியைப் புதிய சேவை வழியாக இரண்டு வாரம் அனுப்பி, அவர்களுடைய பிரவுசரிலேயே முதல் பைட் நேரத்தை, அதாவது பக்கத்தின் முதல் துண்டு வந்து சேர ஆகும் நேரத்தை, அளந்து பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். வேகமான முக்கால்வாசிப் பேரில் கடைசியாக நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அவருக்கு 0.8 நொடிக்குள் வந்தால் நல்ல நிலை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

என்னைத் தேடி வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒன்றிரண்டு சிடிஎன் மாற்றிப் பார்த்தவர்கள். "எதுவும் வேகமாக்கவில்லை" என்பார்கள். நான் முதலில் திறந்து பார்ப்பது அவர்களுடைய சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்புகளான ஹெடர்களைத்தான். பெரும்பாலும் கோளாறு அங்கேயே இருக்கும். யாரும் உள்நுழையாத பக்கத்துக்கும் ஏதோ ஒரு ப்ளக்-இன் (தளத்தில் சேர்த்த கூடுதல் நிரல்), வாசகரை அடையாளம் காணும் குக்கி வைத்துக்கொண்டிருக்கும். குக்கியோடு வரும் பதிலைப் பல சிடிஎன்கள் சேமிப்பதே இல்லை, ஒவ்வொரு முறையும் மூல சர்வருக்கே, அதாவது உங்கள் சொந்த சர்வருக்கே, ஓடும். இல்லாவிட்டால், விளம்பரத்திலிருந்து வரும் இணைப்புகளின் வாலில் தொங்கும் கண்காணிப்புக் குறியீடுகள். ஒரே பக்கம் ஆயிரம் முகவரிகளாகத் தெரிய, ஆயிரத்தையும் தனித்தனியாகச் சேமிக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் எந்தச் சிடிஎன்னுக்குப் பணம் கட்டினாலும், நடுவில் ஒரு ஆளைக் கூடுதலாக நிறுத்தியதாகத்தான் முடியும். ஆகவே, நிறுவனத்தைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் தளத்தில் எது எல்லோருக்கும் பொதுவானது, எது ஒருவருக்கு மட்டும் உரியது என்று உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். தனிப்பட்ட பக்கங்களுக்குச் சர்வரிலிருந்தே 'பிரைவேட், நோ-ஸ்டோர்' (ஒருவருக்கு மட்டும் உரியது, சேமிக்காதே) என்று கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் போக வேண்டும். சிடிஎன் பலகையில் விதி எழுதினால் போதும் என்று நினைத்ததால்தான் எனக்கு அந்தக் காலை அஞ்சல் வந்தது.

அடுத்தது நம்பிக்கை. சிடிஎன் உங்கள் டொமைன் பெயரில் பேசுகிறது. உங்கள் பெயரில் சான்றிதழ் வைத்திருக்கிறது. வாசகர் அனுப்பும் கடவுச்சொல் மறையாக்கம் நீக்கப்பட்டு அதன் சர்வரில் ஒரு கணமாவது வெறும் எழுத்தாகத் தெரிகிறது. 2017 பிப்ரவரியில் கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் நிறுவனத்தின் எச்டிஎம்எல் அலசும் நிரலில் இருந்த பிழையால், ஒரு தளத்தின் பக்கத்தோடு வேறு தளங்களின் நினைவகத் துண்டுகளும் கசிந்தன. அவற்றில் சில தேடுபொறிகளின் கேஷிலும் போய்த் தங்கின. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்துச் சொல்ல, சில மணி நேரத்தில் அடைத்தார்கள். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. மருத்துவம், பணம், குழந்தைகள் சம்பந்தப்பட்ட தளமாக இருந்தால், படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் மட்டும் சிடிஎன் வழியாக அனுப்பிவிட்டு, உள்நுழைவுப் பக்கங்களை நேராகவே வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

இதிலேயே இன்னொரு பொறி. வாசகருக்கும் சிடிஎன்னுக்கும் நடுவில் பூட்டு இருக்கும், சிடிஎன்னுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் இருக்காது. பிரவுசரில் பூட்டுக் குறி தெரியும், பாதி வழி திறந்து கிடக்கும். இப்படி ஓடும் தளங்களை இன்னும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் மறையாக்கம் இருக்கிறதா, உங்கள் சர்வரின் சான்றிதழை அவர்கள் சரிபார்க்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படியே, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உங்கள் சர்வரின் ஃபயர்வாலையும் பாருங்கள். சிடிஎன்னின் ஐபி முகவரிகளைத் தவிர வேறு யாரும் நேரே வந்து கதவைத் தட்ட முடிகிறதென்றால், தாக்குதலுக்கு எதிரான பாதுகாப்பு என்று நீங்கள் வாங்கியதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் பழைய பதிவுகளிலிருந்து மூல ஐபியைத் தேடி எடுப்பது கடினமே இல்லை.

எந்தச் சிடிஎன்னும் ஒருநாள் விழும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேரின் ஃபயர்வால் விதி ஒன்றில் இருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) உலகெங்கும் அவர்களுடைய சர்வர்களின் சிபியு முழுவதையும் தின்றது. 27 நிமிடம் தளங்கள் திறக்கவில்லை. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் நிறுவனத்தில், வாடிக்கையாளர் ஒருவர் முறையாகச் செய்த அமைப்பு மாற்றம் உறங்கிக்கிடந்த பிழையை எழுப்பிவிட, அவர்களுடைய நெட்வொர்க்கில் 85 சதவீதம் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பியது. 49 நிமிடத்துக்குள் 95 சதவீதத்தை மீட்டார்கள். இரண்டு நிறுவனங்களும் என்ன நடந்தது என்று வெளிப்படையாக எழுதின. நான் தேர்வு செய்யும்போது இந்த விளக்கங்களைத்தான் தேடிப் படிக்கிறேன். ஒருபோதும் விழுந்ததில்லை என்று சொல்கிறவரைவிட, எப்படி விழுந்தேன் என்று நேரத்தோடு எழுதுகிறவரை என்னால் நம்ப முடிகிறது.

விழும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்பது அதைவிட முக்கியம். டிஎன்எஸ்ஸும் சிடிஎன்னும் ஒரே இடத்தில் இருந்தால் வசதிதான். ஆனால் 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் தடுமாறியபோது, பல வாடிக்கையாளர்களால் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழையவே முடியவில்லை. விலகிப் போக வேண்டுமென்றால் பலகை வேண்டும், பலகையும் சேர்ந்து விழுந்துவிட்டது. டிஎன்எஸ்ஸை வேறொருவரிடம் வைத்திருந்து, அந்தப் பதிவின் டிடிஎல்லை, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 5 நிமிடம் போலக் குறைவாக வைத்திருந்தால், மூல சர்வருக்கோ இரண்டாவது சேவைக்கோ நீங்களே திருப்பிவிடலாம். மூல சர்வர் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி, அதையும் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். எல்லாருக்கும் இந்த ஏற்பாடு தேவை என்று சொல்லமாட்டேன். ஒரு மணி நேரம் தளம் இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிறுவனமே மூடப்படுவதும் நடக்கிறது. லைம்லைட் என்ற பழைய பெயருள்ள எட்ஜியோ சிடிஎன் நிறுவனம் 2024 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. 2025 ஜனவரி நடுவில் அதன் நெட்வொர்க் நின்றது. நான்கு மாதத்தில் வேறிடம் போக வேண்டிய கட்டாயம். அப்போது எளிதாகப் போகக்கூடியவர்கள், தங்கள் விதிகளைச் சொந்தச் சர்வரின் ஹெடர்களிலேயே வைத்திருப்பவர்கள்தான். ஒரு நிறுவனத்துக்கே உரிய எட்ஜ் நிரல்களிலும் படம் மாற்றும் முகவரி அமைப்பிலும் தளம் முழுவதையும் கட்டிவைத்தவர்களுக்கு வீட்டையே இடித்துக் கட்டும் வேலை. அந்த வசதிகளைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. எங்கெங்கே பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளிலாவது எழுதி வையுங்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிகாபைட்டுக்கா, கோரிக்கை எண்ணிக்கைக்கா, இரண்டுக்குமா என்று கேளுங்கள். தாக்குதலில் வந்த டிராஃபிக்குக்கும் பில் போடுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவுகளை, அதாவது லாக்குகளை, முழுதாகத் தருவார்களா என்றும் கேளுங்கள். லாக் இல்லாமல் பிரச்சினையைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

அப்புறம், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைப் பொது இலவச சிடிஎன்களிலிருந்து இழுக்கும் பழக்கம். வேறு தளத்தைத் திறந்தபோதே அதே கோப்பு பிரவுசரில் இறங்கியிருக்கும், அதனால் வேகம் என்ற பழைய காரணம் இப்போது செல்லாது. குரோம் 2020-லிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் கேஷைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. ஆபத்து மட்டும் மிச்சம். பழைய பிரவுசர்களுக்கு உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தந்துவந்த பாலிஃபில் ஐஓ என்ற டொமைன் 2024 பிப்ரவரியில் கை மாறியது. ஜூன் மாதத்தில் அதிலிருந்து தீங்கு நிரல் போவது தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இழுத்துக்கொண்டிருந்தன. அந்தக் கோப்புகளை உங்கள் டொமைனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் போடும் முன் இலவசச் சோதனைக் காலத்தில் நான் செய்வது இதுதான். சோதனைக்காக ஒரு துணை டொமைன். அதில் நேரத்தைக் காட்டும் பக்கம் ஒன்று. அதைக் கேஷில் ஏற்றிவிட்டு, மூலத்தில் மாற்றி, பர்ஜ் கொடுத்து, வெவ்வேறு இடங்களில் இருக்கும் நண்பர்களைத் திறந்து பார்க்கச் சொல்வேன். பிறகு இரண்டு கணக்குகளை உருவாக்கி, இரண்டு பிரவுசர்களில் மாறி மாறி உள்நுழைவேன். கடைசியாக டிஎன்எஸ்ஸைத் திருப்பி, தளம் சிடிஎன் இல்லாமல் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்த விற்பனைத் தளத்தில் இப்போது இரண்டு கணக்குச் சோதனை ஒவ்வொரு விதி மாற்றத்துக்குப் பிறகும் தானாகவே ஓடுகிறது.