கார்டு எத்தனை நாள் தாங்கும்? எழுபது தாண்டியவர்களின் ஆஸ்பத்திரிக் கணக்கு

"அம்மாவைச் சேர்த்து பன்னிரண்டு நாள் ஆகுது. கார்டு இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்ங்க?" புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி எதிலும் காப்பீட்டு கவுன்ட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ வந்த மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். கடலூரிலிருந்து பஸ் ஏறி ஜிப்மருக்கு வந்தவராகவும் இருக்கலாம். கவுன்ட்டரில் இருப்பவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் காத்திருப்பதால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த கார்டு என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிறைந்த யாருக்கும் மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்ற தனி அட்டை உண்டு. வருமானம் பார்ப்பதில்லை, ரேஷன் கார்டின் நிறம் பார்ப்பதில்லை. மாடி வீட்டுக்காரருக்கும் உண்டு, மீன் விற்கும் ஆயாவுக்கும் உண்டு. வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் இருந்தால், குடும்பத்துக்கான 5 லட்சம் அப்படியே இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம் வரும், இளையவர்கள் அதைத் தொட முடியாது. குடும்பம் திட்டத்தில் இல்லையென்றால் பெரியவர்களுக்கு மட்டும் 5 லட்சம். தாத்தா, பாட்டி இருவருக்குமே 70 ஆகியிருந்தால் அந்தத் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான், ஆளுக்கு ஐந்து என்று கிடையாது.

மத்திய அரசு ஓய்வூதியர்களின் சி.ஜி.எச்.எஸ், முன்னாள் ராணுவத்தினரின் இ.சி.எச்.எஸ் போன்ற மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் அது அல்லது இது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் பாலிசியோ தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ-யோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதை வைத்துக்கொண்டே இதையும் எடுக்கலாம்.

பதிவுக்கு ஆதார் போதும். ஆனால் அந்த ஆதாரில்தான் பல வீடுகளில் சிக்கலே. பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு, கேம்ப் போட்டபோது யாரோ உத்தேசமாகச் சொன்ன வயதுதான் பதிவாகியிருக்கும். ஆதார்படி 68 என்றால், பாட்டிக்கு உண்மையில் 74 ஆனாலும் கணினி ஒப்புக்கொள்ளாது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே ஆதாரை எடுத்துப் பாருங்கள். கைரேகை தேய்ந்துபோன விரல்களைப் பற்றியும் கவலை வேண்டாம்; முகத்தைக் காட்டியோ செல்போனுக்கு வரும் ஓ.டி.பி மூலமோ சரிபார்க்கலாம். ஆயுஷ்மான் செயலியில் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம், இல்லையென்றால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் கவுன்ட்டரில் செய்து தருவார்கள். ஸ்ட்ரெச்சரில் ஆளைப் படுக்கவைத்துக்கொண்டு ஓ.டி.பி-க்காக அண்ணனுக்கு போன் போடுவதெல்லாம் தேவையில்லாத பதற்றம்.

கடலூர் மாவட்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தொகை அதே 5 லட்சம், ஆனால் முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து. தமிழ்நாட்டுத் திட்டத்துக்கான இலவச எண் 1800 425 3993.

இப்போது அந்த "எத்தனை நாள்" கேள்வி. ஆயுஷ்மான் திட்டத்தில் மொத்தமாக இத்தனை நாள்தான் என்று வரம்பு வைக்கவில்லை. கணக்கு இரண்டு விதமாக ஓடுகிறது.

அறுவை சிகிச்சை என்றால் பேக்கேஜ். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாத்தாவுக்கு ஆபரேஷன் என்றால் அதற்கு ஒரே விலை. படுக்கை, மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் பிளேட், நோயாளிக்கான சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். ஐந்தாம் நாள் வீடு திரும்பினாலும் அதே விலைதான், சர்க்கரை ஏறிப் புண் ஆறாமல் பத்து நாள் கூடுதலாகப் படுத்தாலும் பெரும்பாலும் அதே விலைதான். நாள் கூடினால் உங்கள் 5 லட்சம் கரையாது, மருத்துவமனைக்குத்தான் கை கடிக்கும். தனியார் மருத்துவமனைகளில் "சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற குரல் ஏன் வருகிறது என்று இப்போது புரியும். முழுவதும் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, விலையை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

நிமோனியா, பக்கவாதம், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குவது என்று மருந்து கொடுத்துப் பார்க்கிற நோய்களுக்குக் கணக்கு வேறு. இங்கே ஒவ்வொரு நாளுக்கும் விலை. ஆயுஷ்மான் திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம் 2021-ல் திருத்திய பட்டியல்படி சாதாரண வார்டு ஒரு நாளுக்கு 2,100 ரூபாய், தீவிர கவனிப்புக்கு ஒரு படி கீழே இருக்கும் எச்.டி.யு 3,300, வென்டிலேட்டர் இல்லாத ஐ.சி.யு 8,500, வென்டிலேட்டரோடு 9,000. மாநிலத்தையும் மருத்துவமனையின் தரச்சான்றையும் பொறுத்து இது மாறும். இந்த அடிப்படை விலையிலேயே வகுத்துப் பாருங்கள்: 5 லட்சம் சாதாரண வார்டில் 238 நாள் வரும். வென்டிலேட்டரில் 55 நாள்தான் வரும். ஒரு மாதம் ஐ.சி.யு-வில் இருந்தாலே பாதிக்கு மேல் போய்விடும். தாத்தாவும் பாட்டியும் ஒரே 5 லட்சத்தைப் பகிரும் வீட்டில் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

நாள் கணக்கில் போகும் சிகிச்சைக்கு ஒரே மூச்சில் அனுமதி கிடைக்காது. முதலில் சில நாட்களுக்கு அப்ரூவல் வரும், பிறகு மருத்துவமனை காரணம் எழுதி, ரிப்போர்ட் சேர்த்து நீட்டிப்பு கேட்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது மருத்துவமனைதான், நீங்கள் இல்லை. ஆனாலும் நாலு நாளுக்கு ஒருமுறை கவுன்ட்டரில் போய் "எக்ஸ்டென்ஷன் போட்டாச்சா, மீதி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீட்டிப்பு மறுக்கப்படும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். காப்பீடு சிகிச்சைக்குப் பணம் தரும், பராமரிப்புக்குத் தராது. பக்கவாதம் வந்த அம்மாவுக்கு ஊசியும் டிரிப்ஸும் நின்றுவிட்டது. இனி வேளைக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துடைத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தால், ஆஸ்பத்திரிக் கட்டில் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும் காப்பீட்டின் கண்ணில் அது சிகிச்சை இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்பதும் காரணமாக எடுபடாது. முதியவர்கள் பெருகிவரும் ஊரில் இது பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையான மருந்துச் செலவு திட்டத்தில் உண்டு, சேர்ப்பதற்கு முந்தைய 3 நாள் செலவும் உண்டு. டிஸ்சார்ஜ் அன்று அந்த மருந்துகளைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு நீண்ட நாள் படுக்கையில் அடி விழுவது அறை வாடகையில். எல்லா நிறுவனங்களும் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அறைக்கு நாளுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், ஐ.சி.யு-வுக்கு 10,000. நீங்கள் 8,000 ரூபாய் ஏ.சி அறை எடுத்து 20 நாள் இருந்தால், வாடகை வித்தியாசம் 60,000 கைக்காசு. அதோடு விடாது. டாக்டர் கட்டணம், நர்சிங் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே எட்டில் ஐந்து என்ற விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் அதிலும் 60,000 போச்சு. மருந்து, ஸ்கேன், உள்ளே பொருத்தும் கருவிகளை இப்படி வெட்டக் கூடாது என்பது விதி. பில்லில் வெட்டியிருந்தால் கேளுங்கள். டயப்பர், கூட இருக்கும் ஆளுக்கான கட்டணம் போன்றவை பெரும்பாலும் உங்கள் தலையில்தான், 20 நாளுக்கு டயப்பர் என்றால் சின்னத் தொகை இல்லை. அப்புறம் அந்த பாலிசியில் 5 சதவீதம் கோ-பே, அதாவது ஏற்கப்பட்ட தொகையிலும் நாம் கட்ட வேண்டிய பங்கு, உண்டு; முதியோருக்கென்றே விற்கும் பாலிசிகளில் அது இன்னும் அதிகமாக இருக்கும்.

65 வயதுக்கு மேல் புதிதாக பாலிசி தர மாட்டார்கள் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்த வரம்பு 2024 ஏப்ரலிலேயே போய்விட்டது. பழைய நோய்களுக்கான காத்திருப்பு மட்டும் 3 வருடம் வரை இருக்கலாம். ஆயுஷ்மான் அட்டையில் அந்தக் காத்திருப்பு கிடையாது, முதல் நாளிலிருந்தே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளே.

ஆயுஷ்மான் அட்டை ஏற்கப்பட்ட பிறகும் மருத்துவமனை "மருந்துக்குத் தனியா கட்டுங்க" என்றால் கட்டுவதற்கு முன் 14555-க்கு போன் செய்யுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் ரசீதைத் தொலைக்காதீர்கள். தனியார் பாலிசிப் புகார் என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம், போகலாம். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வரும். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.