ஓடைக்கரை சைக்ஸும் ஒய் குரோமோசோமும்

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம், சதுப்புத் தரையில் மெல்ல ஊர்ந்து கோடையில் வற்றிப்போகும் சின்ன ஓடையை 'சைக்' என்பார்கள். பழைய ஆங்கிலச் சொல். அப்படி ஓர் ஓடையோரம் குடியிருந்த யாரையோ ஊரார் அடையாளம் சொல்லி அழைத்ததில் பிறந்ததுதான் சைக்ஸ் என்ற குடும்பப் பெயர். ஹடர்ஸ்ஃபீல்ட் நகரைச் சுற்றி இன்றும் இந்தப் பெயர்க்காரர்கள் நிறைய.

1066இல் நார்மன்கள் வந்து இறங்கும்வரை இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். வந்த பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்திருந்தார்கள். சாதாரண மக்களுக்கு அந்தத் தேவை வேறு வழியாக வந்தது. ஜான், வில்லியம், ராபர்ட் என்று நாலைந்து பெயர்களையே ஊர் முழுக்க வைத்தால் எந்த ஜானைக் கூப்பிடுவது? கொல்லர் ஜானையா, ராபர்ட் மகன் ஜானையா, ஓடைக்கரை ஜானையா? 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வசூலித்தபோது பட்டியல் எழுதியவர்களுக்கு இந்த ஒட்டுப்பெயர்கள் பெரிய உதவி. ஆரம்பத்தில் அது ஆளோடு முடிந்துவிடும். ஓடையை விட்டு வேறு ஊருக்குக் குடிபோன மகனையும் பேரனையும்கூட சைக்ஸ் என்றே எழுதத் தொடங்கியபோதுதான் அது குடும்பப் பெயர் ஆனது. தெற்கே இது சீக்கிரம் நடந்தது, வடக்கே கொஞ்சம் தாமதமாக.

சரி, யார்க்‌ஷயரில் ஓடைக்கா பஞ்சம்? ஒவ்வோர் ஓடைக்கரையிலும் ஒரு சைக்ஸ் குடும்பம் தனித்தனியாகத் தோன்றியிருக்கும், இன்றைய சைக்ஸ்கள் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள் என்றுதான் பெயர் ஆய்வாளர்கள் நினைத்தார்கள். நியாயமான ஊகம்தான்.

1990களின் பிற்பகுதியில் பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மரபணு விஞ்ஞானி, கிளாக்ஸோ வெல்கம் என்ற மருந்து நிறுவனத்துக்குப் பேசப் போனார். அந்த நிறுவனத்தின் தலைவர் பெயர் ரிச்சர்ட் சைக்ஸ். 'நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா?' என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பிரையன் கையில் பதில் சொல்லும் கருவியே இருந்தது. ரிச்சர்டின் டி.என்.ஏ. மாதிரியை வாங்கித் தன்னுடையதோடு ஒப்பிட்டார். இருவரின் ஒய் குரோமோசோமும் ஒத்துப்போனது.

அது ஏன் ஒய் குரோமோசோம்? மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு போலக் கலைந்து, தாய் பாதி தந்தை பாதி என்று சேர்கின்றன. ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் மட்டும் அப்பனிடமிருந்து மகனுக்கு, பெரும்பகுதி கலையாமல், அப்படியே இறங்குகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் போகிறது. ஆக, பெயர் வெளியே தெரியும் ஒட்டுச்சீட்டு, ஒய் உள்ளே இருக்கும் முத்திரை. இரண்டும் ஒன்றாகப் பயணித்தனவா என்று பார்க்கலாம்.

முத்திரையைப் படிப்பதும் கடினமில்லை. ஒய் குரோமோசோமில் சில இடங்களில் நான்கு டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 14 முறை, இன்னொருவருக்கு 15 முறை. இப்படிச் சில இடங்களின் எண்ணிக்கையை வரிசையாக எழுதினால் ஒரு தொலைபேசி எண் மாதிரி கிடைக்கும். நகலெடுக்கும்போது எப்போதாவது பிழை வந்து எண் ஒன்று கூடும் அல்லது குறையும். ஆனால் ஓர் இடத்தில் அப்படி நேர சராசரியாகச் சில நூறு தலைமுறை ஆகும். குடும்பப் பெயரின் வயதோ இருபத்துச் சொச்சம் தலைமுறைதான். அதனால் 700 ஆண்டுக்கு முந்தைய எண்ணே பெரும்பாலும் பேரர்களிடம் இருக்க வேண்டும்.

பிரையன் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து 48 சைக்ஸ் ஆண்களின் ஒய் குரோமோசோமில் நான்கு இடங்களைப் படித்தார். முடிவு 2000இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே எண்வரிசை. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, சைக்ஸ் அல்லாத ஆண்கள் ஒருவரிடமும் அது இல்லை. இன்றைய சைக்ஸ்களுக்கு மூலவர் ஒரே ஆள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

அப்படியானால் பெயர் ஆய்வாளர்கள் தோற்றுவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் எத்தனை முறை பிறந்தது என்பது ஒரு கேள்வி, எது பிழைத்தது என்பது இன்னொன்று. டி.என்.ஏ. பிழைத்தவர்களை மட்டுமே காட்டும். மகன் இல்லாத வீட்டோடு பெயர் நின்றுவிடும். எந்தக் குற்றமும் செய்யாமல், வெறும் தற்செயலால். இந்தக் கணக்கை 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் ஒரு புதிராகவே வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்பினார், எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று. அவர் போட்ட சமன்பாடு சரி, எடுத்த முடிவு தவறு. சராசரியாக ஒருவருக்கு ஒரு மகனுக்கு மேல் இருந்தால் சில பெயர்கள் தப்பிக்கும். வேறு ஓடைகளின் சைக்ஸ்கள் இருந்து, பிளேக் போன்ற கொள்ளை நோயிலோ வெறும் துரதிர்ஷ்டத்திலோ காணாமல் போயிருக்கலாம்.

மீதிப் பாதிப் பேர்? இங்கேதான் பத்திரிகைகள் கண் சிமிட்டின. மனைவியின் கள்ள உறவு ஒரு காரணம்தான், ஒரே காரணம் இல்லை. தத்துப் பிள்ளை, மாற்றாந்தந்தையின் பெயரை எடுத்த பிள்ளை, மணமாகாத தாயின் பெயரைச் சுமந்த பிள்ளை எல்லாரிடமும் பெயர் ஒரு பக்கம், ஒய் ஒரு பக்கம் பிரியும். சொத்துக்காகவும் பெயர் மாற்றினார்கள். ஹியூ ஸ்மித்சன் 1750இல் மனைவி வழிச் சொத்தோடு பெர்சி என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு பிறகு நார்தம்பர்லாந்து கோமகன் ஆனார். இதையெல்லாம் சேர்த்து ஒரு தலைமுறைக்கு 1.3 சதவீதம் கசிவு என்று சைக்ஸ் ஆய்வு கணித்தது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டுரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் 40 குடும்பப் பெயர்களையும் 1,678 ஆண்களையும் எடுத்துக்கொண்டார்கள். கொல்லர் என்று பொருள்படும் ஸ்மித் போன்ற பெயரில் பொதுவான முத்திரை எதுவும் தெரியவில்லை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தாரே, பின்னே எப்படித் தெரியும்! அரிய பெயரான அட்டன்பரோவிலோ பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே குடும்பம்.

இதே குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகப் பிடித்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த அரிதான ஒரு குடும்பப் பெயர். அந்தப் பெயருள்ள ஒருவரிடம், மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் அபூர்வமாகக் காணப்படும் மிகப் பழைய ஒய் வகை இருந்தது. அதே பெயர்க்காரர்கள் 18 பேரைச் சோதித்ததில் 7 பேரிடம் அது கிடைத்தது. அவர்களின் வம்சாவளி இரண்டு கிளைகளாக 1780களின் யார்க்‌ஷயர்வரை போய் நின்றது, இரண்டையும் இணைக்கும் பதிவு எதுவும் இல்லை. ஆக, அந்த ஆப்பிரிக்க மூதாதை இன்னும் முன்னால் வந்தவராக இருக்க வேண்டும். ரோமானியப் படையோடு வந்தாரா, அடிமை வணிகக் காலத்தில் வந்தாரா என்பதை ஒய் சொல்லாது. சோதனைக்கு முன்பு அந்த ஆண்களுக்கு இதுபற்றி ஒரு வார்த்தையும் தெரியாது. தோற்றத்திலும் எந்தத் தடயமும் இல்லை.