அடைக்கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள்

இந்த மழைக்காலத்திலும் அதே கதைதான். மூக்குத் துவாரங்களின் குறுக்கே இறகு செருகி, முகம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணில் சீழ் கட்டிய சிறுவிடைக் கோழி (சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி) ஒன்றை என் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். சளிக்கு ஊசி போடச் சொன்னார்கள். இறகு எதற்கு என்று கேட்டேன். "அடை தெளியட்டும்னுதான் சார், எங்க ஊர்ல எல்லாரும் செய்றதுதான்." எல்லாரும் செய்கிறார்கள் என்பதுதான் என் கவலையே.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும், இடுவதை நிறுத்திவிட்டுக் குஞ்சு பொரிக்க அடைக்கு உட்காரும். இந்த நிலை நீங்குவதைத்தான் அடை தெளிவது என்கிறோம். அது அதன் இயல்பு. நோயும் இல்லை, திமிரும் இல்லை. சிறகை உப்பிக்கொண்டு கொர்க் கொர்க் என்று கேறும், கையை நீட்டினால் கொத்தும். பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் எழுந்து அவசரமாகத் தின்று குடித்துவிட்டு, அடக்கிவைத்த எச்சத்தை நாற்றத்தோடு மொத்தமாகப் போட்டுவிட்டுத் திரும்பும். இதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) கண்ட கோழி துவண்டு கிடக்கும். உங்கள் கையைக் கொத்த அதற்குத் தெம்பு இருக்காது.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம். "உடம்பில் சூடு ஏறிவிட்டது, தண்ணீரில் முக்கினால் இறங்கிவிடும்" என்கிறார்கள். அடைக்கோழிக்குக் காய்ச்சல் கிடையாது. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் கூடிய வெறுந்தோல் முட்டையில் படும். நீங்கள் தொட்டுப் பார்த்து 'கொதிக்குது' என்று சொல்வது அந்த இடத்தைத்தான். அடையில் உட்காரவைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். அது ஒரு வாளித் தண்ணீரில் கரைந்துவிடாது. முக்கி எடுத்த கோழி சிலிர்த்துக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் மறுபடியும் அதே மூலையில் போய் உட்காரும். சரி, இன்னொரு முறை முக்குவோம் என்று மாலையில் முக்குவீர்கள். ராத்திரி குளிரில் நனைந்த இறகோடு விட்டால் அது எப்படித் தாங்கும்? ஏற்கெனவே இரை குறைத்து எடை இழந்த கோழி அது. அதனால் பட்டினி போடும் வைத்தியமும் வேண்டாம். இறகு குத்துவதால் சில கோழிகள் எழுந்து திரிவது உண்மைதான். அடை தெளிந்து அல்ல, வலி தாங்காமல்.

அடை தெளிய வைக்க எளிய வழி இருக்கிறது. அடிப்பக்கமும் கம்பிவலையாக உள்ள கூண்டு ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு எதுவும் கூடாது. தீவனமும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் பழைய மூலைக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள். அடைக்கு உட்கார்ந்த முதல் ஓரிரு நாளில் செய்தால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் வேடிக்கை பார்த்துவிட்டு என்னிடம் வந்து கோபப்படாதீர்கள். தெளிந்த மறுநாளே முட்டை எதிர்பார்க்கவும் வேண்டாம். அதற்குச் சில வாரம் ஆகும்.

குஞ்சு வேண்டும் என்றால் ஒழுங்காக அடை வையுங்கள். கோழியின் இறகுக்குள் அடங்கும் அளவுக்குத்தான் முட்டை, சிறுவிடைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். சேர்த்துவைத்த முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. கோடையில் இன்னும் குறைவு; வெளிச்சூட்டிலேயே கரு அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும், அப்புறம் கோழியைக் குறை சொல்வீர்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கரு வளராத கூமுட்டையை எடுத்துவிடுங்கள். அடையில் நம்பிக்கைக்காகக் கரித்துண்டும் இரும்பும் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், கோழிக்கு அதனால் கெடுதல் இல்லை.

பலரும் கோட்டைவிடுவது பேனிலும் செள்ளிலும்தான். இருபத்தொரு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கோழியின் ரத்தத்தைச் செள்ளு ராத்திரியெல்லாம் குடிக்கும். கொண்டை வெளுத்து, அடையிலேயே செத்துக்கிடந்த கோழிகளைப் பார்த்திருக்கிறேன். அடை வைக்கும் முன்பே பழைய வைக்கோலை எரித்துவிட்டுப் புதுசு போடுங்கள். பக்கத்தில் சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்று இருந்தால், எழும்போது அதுவே புரண்டுகொள்ளும். தயவுசெய்து மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அடையில் ஊற்றாதீர்கள். ஊற்றிய பிறகு எனக்குப் போன் செய்து பயனில்லை.

தண்ணீரும் தீவனமும் அடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து விட வேண்டும். தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். மருந்தை ஐஸ் வைத்த டப்பாவில்தான் தருவேன், வரும்போது பிளாஸ்க் கொண்டுவாருங்கள்.