கட்டி வைத்த கன்று ஏன் சாய்கிறது?

நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் புன்னையும் பூவரசும் நட்டோம். ஆடு கடிக்காமல் கம்பிக்கூண்டு, காற்றில் ஆடாமல் மூங்கில் கம்பு, மூன்று இடங்களில் இறுக்கக் கட்டு. ஆள் உயரம் தாண்டிவிட்டதே என்று போன மாதம் கட்டை அவிழ்த்தால் பாதிக் கன்றுகள் வளைந்து தரையைப் பார்க்கின்றன. வேலியோரம் தானாக வந்த பூவரசு மட்டும் விறைப்பாக நிற்கிறது. என்ன பிழை செய்தோம்?"

கட்டியதுதான் பிழை, அதிலும் அசையவிடாமல் கட்டியது.

மரம் ஊரைக் குளிர்விக்கும் விதம் பள்ளிப் பாடம்: நிழல் ஒரு பங்கு, இலைத்துளை வழியே நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துப்போவது இன்னொரு பங்கு. ஆனால் அதற்கு முதலில் மரம் நிற்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் ரப்பரும் வாழையும் சாலையோர மரங்களும் சரிந்து கிடந்ததைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செடிக்கு நம்மைப்போல் உணர்வு நரம்பு கிடையாது. ஆனாலும் காற்று தன்னை வளைத்தது அதற்குத் தெரியும். தண்டு வளையும்போது ஒரு பக்கத்துச் செல்கள் இழுபடும், மறுபக்கத்துச் செல்கள் நெருக்குப்படும். செல் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் அந்த இழுப்பிலேயே திறந்துகொள்ள, கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. எல்லாம் சில நொடிகளில். அந்தக் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் செய்தியைக் கடத்துகின்றன, எத்திலீன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நீள்வது தணிந்து, பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்ற வளர்செல் அடுக்கு கூடுதலாகக் கட்டையை அடுக்கத் தொடங்குகிறது. தண்டு பருக்கிறது, வேரும் தடிக்கிறது. 1973இல் தாவர ஆய்வாளர் மார்க் ஜாஃபே இதற்குத் திக்மோமார்ஃபோஜெனிசிஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர். நாம் 'ஆட்ட வளர்ச்சி' என்று வைத்துக்கொள்வோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தற்செயல். ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஹார்மோன் தெளித்தால் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றில் தேடினார்கள். ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் தெளித்த செடியிலும் அதே மரபணுக்கள் விழித்துக்கொண்டன! ஹார்மோன் அல்ல, துளி பட்ட அதிர்ச்சியே காரணம். காற்றும் தொடுகையும்கூட அவற்றை எழுப்பின. 1990இல் வெளியிட்டார்கள்.

பருமனின் பலனைக் கணக்கு சொல்லும். ஒரே வகை மரக்கட்டையாக இருந்தால், தண்டின் விட்டம் இரட்டிப்பானால் வளையாத விறைப்பு 16 மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலைகளுக்கு மட்டுமல்ல, கன்றுகளுக்கும் வேலை கொடுக்கிறது. நாம்தான் கயிறு போட்டுத் தடுக்கிறோம்.

பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். வெறும் சுட்டலுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் தடவிக்கொடுத்தால் பல செடிகள் குட்டையாகும் என்பது மட்டும் உண்மை! ரப்பருக்கும் தென்னைக்கும் தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன. நம் கடற்கரைப் புன்னை காற்றில் எவ்வளவு பருக்கிறது என்று அளக்க யார் பணம் ஒதுக்குவார்கள்? நடும் நாளில் புகைப்படத்துக்கு மட்டும் குறைவில்லை.

இனி நடும்போது, பையைக் கிழித்ததும் வட்டமாகச் சுருண்ட வேர்களை வெட்டிவிடுங்கள். விட்டால் அதே வட்டத்திலேயே தடிக்கும். கம்பு தேவையென்றால் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், பழைய சைக்கிள் டியூபால் தளர்வாக ஒரே கட்டு. ஓராண்டில் கம்பையே எடுத்துவிடலாம்.

சாய்ந்த உங்கள் கன்றுகளைப் பிடுங்க வேண்டாம். நிமிர்ந்து நிற்கக் கூடிய மிகக் குறைந்த உயரத்தில் திரும்பக் கட்டி, உச்சிக் கிளைகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை கட்டைக் கீழே இறக்குங்கள். முழுவதும் அவிழ்ப்பதைத் தை, மாசிக்கு வையுங்கள்; ஆனி, ஆடியில் வேண்டாம்.