சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? இன்சுலின் போடும் முன் பாருங்கள்

சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. டோஸை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், ஆள் இளைத்துக்கொண்டே வருகிறார். கடைசியில் பார்த்தால் மருந்தில் குறையில்லை, சிரிஞ்ச்தான் தப்பு. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இது ஓய்ந்தபாடில்லை. 'சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு' என்று தூக்கத்திலும் ஒப்பிக்கிற நர்சிங் மாணவர்களே, கையிலிருக்கும் சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

"20 யூனிட் என்றால் 20-ஆவது கோடு வரை இழுத்தால் போச்சு." இந்த நினைப்பை முதலில் விட்டொழியுங்கள். யூனிட் என்பது மருந்தின் வீரிய அளவு. சிரிஞ்சில் ஏறுவதோ வெறும் கன அளவு. பாட்டிலும் சிரிஞ்சும் ஜோடி சேர்ந்தால்தான் கோடு யூனிட்டைக் காட்டும்.

நம் பக்கம் 10 மில்லி பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில பாட்டில்களும் மில்லிக்கு 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். இப்போது கணக்குப் போடுங்கள். 40 யூனிட் மருந்தில் 20 யூனிட் என்றால் அரை மில்லி. அதையே ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.2 மில்லிதான் ஏறும். நோயாளிக்குப் போவது வெறும் 8 யூனிட். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். முதல் தப்பில் சர்க்கரை ஏறும், இரண்டாவதில் உயிரே போகலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரு மில்லி ஆரஞ்சு சிரிஞ்சில் பொதுவாக ஒரு சின்னக் கோடு 2 யூனிட், சிவப்பில் ஒன்று. கோட்டை எண்ணாதீர்கள், எண்ணைப் படியுங்கள்.

"டாக்டர் எழுதினார், நான் போட்டேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சீட்டில் 20 யூனிட் என்றுதான் இருக்கும். எந்த பாட்டில், எந்த சிரிஞ்ச் என்று எடுப்பது உங்கள் கை. '20U' என்று கிறுக்கியிருந்தால் அந்த 'யு' பூஜ்யமாகத் தெரிந்து 200 ஆகிவிடும். சந்தேகமிருந்தால் எழுதியவரையே கேளுங்கள். கேட்டதற்குத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. நீங்கள் குறிக்கும்போது 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள்.

ஊசி போடும் முன் அப்போதைய சர்க்கரை எவ்வளவு? 70-க்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். சாப்பாடு வந்துவிட்டதா? ரெகுலர் இன்சுலின் போட்டு அரை மணியில் சாப்பிட வேண்டும். தட்டு வராமல் ஊசி வேண்டாம். கிட்னி கெட்டவருக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், நேற்றைய டோஸே இன்று அதிகமாகலாம். இழுத்த சிரிஞ்சையும் பாட்டிலையும் சேர்த்தே இன்னொரு சிஸ்டரிடம் காட்டுங்கள். பாட்டிலை வைத்துவிட்டு சிரிஞ்சை மட்டும் காட்டுவது சரிபார்ப்பே இல்லை.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூருக்கு வருகிறவர்களிடம் "நீங்கதானே மண்டல்?" என்றால், புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். மண்டல் என்பது அங்கே பரவலான குடும்பப் பெயர், ஒரே வார்டில் மூன்று மண்டல் இருக்கலாம். பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள், கைப்பட்டையில் உள்ள எண்ணையும் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

கலங்கல் இன்சுலினைக் குலுக்காதீர்கள், உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டுங்கள். இரண்டு இன்சுலினை ஒரே சிரிஞ்சில் கலக்க வேண்டியிருந்தால் தெளிந்ததை முதலில் இழுங்கள். நாள் முழுக்க வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை எதனோடும் கலக்கக் கூடாது.

வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கியிருந்து, விழுங்கவும் முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டு, நரம்பில் ஏற்றும் சர்க்கரைக் கரைசலான 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸைத் தயாராக வையுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய்க்கான பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

டிஸ்சார்ஜ் அன்றுதான் பாதிப் பேர் கைவிடப்படுகிறார்கள். மருந்துக்கடையில் கையில் கிடைத்த சிரிஞ்சைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாங்கி வந்ததை வார்டிலேயே பிரித்துப் பாருங்கள். ஊசி போடப்போவது மகளோ மருமகளோ, அவர் கையாலேயே உங்கள் முன் ஒரு முறை இழுக்கட்டும். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் பிரிட்ஜ் இல்லாத வீடுகள் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பெரிய மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி, நடுவில் சின்ன மண்பானை வைத்து, அதற்குள் பாட்டிலைப் போட்டு மூடி, நிழலில் வைக்கச் சொல்லுங்கள். மணல் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசர் தட்டில் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் உதவாது. பிரித்த தேதியை பாட்டிலிலேயே எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான பாட்டில்களை 28 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.